மிலாறு குத்திய கண்ணும் தாய்ப்பாலும்: கண் நலம் கேள்வி பதில்

கண் சிவந்திருக்கிறது, என்ன மருந்து விடலாம் என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. சிவப்பு என்பது நோயின் பெயரல்ல. தூசு விழுந்தாலும் சிவக்கும், கிருமி புகுந்தாலும் சிவக்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறினாலும் சிவக்கும். ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றுக்குக் கேடாகும். அதனால் இம்முறை சில கேள்விகளை மட்டும் எடுத்து விரிவாகப் பதில் சொல்கிறோம்.

என் கணவர் கவ்வாத்து மலையில் (தேயிலைச் செடி கத்தரிக்கும் இடத்தில்) வேலை செய்பவர். நான்கு நாட்களுக்கு முன் மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. பக்கத்து லயத்தில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டோம். குறையாததால் டவுன் பாமசியில் சொட்டு மருந்து வாங்கினோம். முதல் நாள் நன்றாகத் தெளிந்தது. இப்போது மறுபடி வலிக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?
வாசகி, பொகவந்தலாவை

பார்க்க வேண்டாம் அம்மா, இன்றே கூட்டிப் போங்கள். நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போகலாம். (இந்தப் பதிலைத் தபாலிலும் அனுப்பியிருக்கிறோம். இங்கே அச்சிடுவது இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக.)

கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதை விழிவெண்படலம் என்பார்கள். நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். இரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லாததால்தான் அது கண்ணாடியாக இருக்கிறது. ஆனால் அதனாலேயே, கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்க வேண்டிய இரத்த அணுக்கள் வந்து சேரவும் நேரமெடுக்கும். அதன் மேல்தோல் பழுதில்லாமல் இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே போக முடியாது. மிலாறு அந்தத் தோலைக் கீறிவிடுகிறது. வெறும் கீறலானால் ஓரிரு நாளில் ஆறிவிடும். செடி கொடி பட்ட கீறலோ வேறு வகை, ஏனென்றால் பட்டையிலும் இலையிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சணம் குச்சியோடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

பூஞ்சணம் மெதுவாக வளரும். முதல் இரண்டு மூன்று நாள் உறுத்தலும் கண்ணீரும்தான் இருக்கும். பிறகு சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி தோன்றும். அதன் ஓரம் வட்டமாக வெட்டியது போலிராமல் இறகு பிரிந்தது போலிருக்கும். சிலருக்குப் பக்கத்தில் சிறு புள்ளிகளும் வரும்.

பாமசியில் கொடுத்த மருந்துப் போத்தலைத் தயவுசெய்து கையோடு கொண்டு போங்கள். அதில் டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீரொய்ட். உடலின் எதிர்ப்பை அடக்குவதுதான் அதன் வேலை. எதிர்ப்பு அடங்கியதும் சிவப்பும் வலியும் குறைந்துவிடும், பூஞ்சணமோ தடையில்லாமல் பரவும். முதல் நாள் 'நன்றாகத் தெளிந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது இப்படி நடந்திருக்கக்கூடும். ஸ்டீரொய்ட் சொட்டு மருந்து கண் வைத்தியத்தில் அவசியமான மருந்துதான். ஆனால் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தவர் எழுதித் தராமல் அதை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த போத்தலைக் கடன் வாங்கி விடுவதும் அதே ஆபத்துத்தான்.

தாய்ப்பால் குழந்தைக்கு அமிர்தம். காயம்பட்ட கண்ணில் அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் கிருமிக்கு உணவாகும், தோலிலிருக்கும் பக்டீரியாவும் அதோடு சேர்ந்து வரும். பாசத்தோடு கொடுத்தவரை நோக வேண்டாம். இனிமேல் செய்யாமலிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் முதலில் மரத்துப்போகும் சொட்டு விடுவார்கள். பிறகு செம்மஞ்சள் சாயம் தோய்த்த தாள் துண்டைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தோல் உரிந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். புள்ளியின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூஞ்சண நூல்கள் தெரியும். பூஞ்சணமென்று தெரிந்தால் நேட்டாமைசின் 5 சதவீதச் சொட்டு வழக்கமான மருந்து. ஆரம்ப நாட்களில் மணிக்கு ஒரு தடவை, இரவிலும் எழுப்பி விட வேண்டியிருக்கும். அந்த மருந்து படலத்துக்குள் எளிதில் ஊறாது, அதனால்தான் இவ்வளவு அடிக்கடி. சிகிச்சை வாரக்கணக்கில் போகும். சம்பளம் போகிறதே என்று பத்தாம் நாள் பாதியில் விட்டு மலைக்குத் திரும்பி, கண்ணை முழுதாக இழப்பதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது.

அதுவரை கண்ணைத் தேய்க்க வேண்டாம். துணி வைத்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கட்டுக்குள்ளே சூடும் ஈரமும் சேர்ந்தால் கிருமி இன்னும் வேகமாகப் பெருகும். கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும்.

தழும்பு ஆழமாகிப் பார்வை மறைந்தால், இறந்தவர் தானம் செய்த படலத்தை மாற்றி வைக்கலாம். 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கத்தின் வழியாக நம் நாட்டிலிருந்து பிற நாடுகளுக்கும் கண்கள் போகின்றன. ஆனால் பூஞ்சணம் தின்ற கண்ணில் மாற்றிய படலம் நிலைப்பது கடினம். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி இந்த விபத்தைத் தடுத்திருக்கும். கவ்வாத்துக் கத்தியைப் போல அதையும் வேலைச் சாமானாகத் தோட்ட நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பதில் தவறே இல்லை.

மூன்று வயதுப் பேரன் என் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கிக் கண்ணில் தெறித்துவிட்டது. முகத்தைத் துடைத்துவிட்டு ஓட்டோ பிடித்து ஓடினோம். முதலில் கழுவியிருக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் ஏசினார்கள். எவ்வளவு நேரம், எப்படிக் கழுவுவது?
ஓர் அம்மாயி, மஸ்கெலியா

அவர்கள் சொன்னது சரி. சுண்ணாம்பு விஷயத்தில் ஆஸ்பத்திரியைவிடத் தண்ணீர்தான் முதல். அமிலம் பட்டால் கண்ணின் மேல்புறப் புரதம் உறைந்து ஓரளவுக்குத் தானே ஒரு தடையாகிவிடும். சுண்ணாம்பு போன்ற காரம் அப்படியல்ல. அது கலங்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஓட்டோவில் போகும் அரை மணி நேரமும் அது எரித்துக்கொண்டுதான் இருக்கும்.

பிள்ளையைக் கைகளோடு சேர்த்து ஒரு துவாயில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் கையைத் தட்டிவிடுவான். பாதித்த கண் கீழே வரும்படி தலையைச் சரித்துப் பிடியுங்கள், கழுவிய தண்ணீர் மற்றக் கண்ணுக்குப் போகக்கூடாது. ஒருவர் இமைகளை விரலால் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக, விடாமல் ஊற்ற வேண்டும். குறைந்தது 30 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள், ஏனென்றால் பிள்ளை அலறும்போது ஐந்து நிமிடமே ஒரு மணி நேரமாகத் தோன்றும். கொதித்தாறிய தண்ணீர் தேட வேண்டாம், பீலித் தண்ணீரானாலும் பரவாயில்லை. பத்து இருபது லீற்றர் போனால் போகட்டும்.

மேல் இமைக்குள் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் எவ்வளவு கழுவினாலும் அது கரைந்து கரைந்து எரிக்கும். கண்ணுக்குத் தெரிகிற துணுக்கை நனைத்த சுத்தமான துணி நுனியால் ஒற்றி எடுங்கள். மிச்சத்தை ஆஸ்பத்திரியில் இமையைப் புரட்டி எடுப்பார்கள். புளிப்பு காரத்தை முறிக்கும் என்று தேசிக்காய்ச் சாறு விடுவது பெருந்தவறு. புளி ஊற்றினால் இரண்டாவது காயம்தான் மிஞ்சும்.

இன்னொன்றை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். இரசாயனம் பட்ட கண் சிவக்காமல் பளிங்கு போல வெளுத்திருந்தால், 'சிவக்கவில்லை, தப்பித்தோம்' என்று நினைக்காதீர்கள். இரத்தக்குழாய்களே கருகிவிட்டன என்பதற்கு அடையாளம் அது. சீமெந்து, தோட்டத்துக் களைநாசினி, கழிவறை கழுவும் திரவம் எதுவானாலும் இதே முறைதான். சுண்ணாம்பை இறுக்க மூடும் டப்பாவில் போட்டு, பிள்ளைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

20 வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்ந்து வருகிறது. சிலர் புரை என்கிறார்கள். வெட்டினால் திரும்ப வளரும் என்றும் சொல்கிறார்கள்.
வாசகி, ஹப்புத்தளை

இது புரையல்ல. புரை கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லையில் வருவது. உங்களுக்கு வளர்வது, வெள்ளைவிழியை மூடிய மெல்லிய தோலிலிருந்து முக்கோணமாகப் படரும் சதை. வெயிலின் புற ஊதாக் கதிரே இதற்குப் பெரிய காரணம். காற்றும் தூசும் அதற்குத் துணை. மலையில் குளிர்தானே என்று நினைப்போம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மெல்லிய முகிலும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உடம்புக்குச் சூடு தெரியாததால் நாமும் நிழலுக்கு ஒதுங்குவதில்லை. தலைத்துண்டுக்கு மேல் முன்விளிம்புள்ள தொப்பி, முடிந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டும் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

சதை சிறிதாக இருந்து, சிவப்பும் உறுத்தலும் மட்டும் என்றால் ஈரப்பதம் தரும் சொட்டு போதும். கண்மணியை நெருங்கினாலோ, கருவிழியை இழுத்து வளைத்துப் பார்வையைக் கோணலாக்கினாலோ சத்திரசிகிச்சை வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டு வந்தால் பலருக்கு, முன்னதைவிட மூர்க்கமாகவே, திரும்ப வளரும். அதே கண்ணின் மேல்பக்கத் தோலில் ஒரு துண்டை எடுத்து வெட்டிய இடத்தில் ஒட்டினால் திரும்ப வளரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். 'தோல் ஒட்டுவீர்களா?' என்று சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்பாவுக்கு 68 வயது. வெண்புரை முற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்கிறார். சரியா?
வாசகர், தலவாக்கலை

அந்தக் காலத்தில் சரி. வில்லையை முழுதாக வெளியே எடுத்துத் தடித்த கண்ணாடி கொடுத்த நாட்களில் முற்றும்வரை காத்திருந்தார்கள். இப்போது சிறு துளை வழியாகக் கலங்கிய வில்லையை உடைத்து உறிஞ்சி, அதன் மெல்லிய பைக்குள் செயற்கை வில்லையை மடித்து வைக்கிறார்கள். வெட்டு 3 மில்லிமீற்றருக்கும் குறைவு, பெரும்பாலும் தையல் தேவைப்படாது. முற்றவிட்டால் வில்லை கல்லாகி, உடைக்க அதிகச் சக்தி வேண்டியிருக்கும், பெரிய வெட்டும் போட வேண்டி வரலாம். அளவுக்கு மீறி முற்றினால் வில்லை ஊதியோ கசிந்தோ கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். முகம் தெரியவில்லை, படியில் கால் தடுமாறுகிறது என்ற நிலை வந்தாலே எடுக்கலாம்.

முன்கூட்டியே கண்ணின் நீளத்தை அளப்பார்கள். அதில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் வில்லையின் சக்தி இரண்டரை டயோப்டருக்கு மேல் பிழைக்கும், அதனால் அளக்கும்போது அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். சீனி வருத்தமும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். முடிந்த பின் நான்கைந்து வாரம் சொட்டு மருந்து. கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு போதும், கண் அதற்கு மேல் கொள்ளாது. மருந்துகள் இரண்டானால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். விறகடுப்புப் புகை, பாரம் தூக்குதல், தலைக்குத் தண்ணீர் மூன்றையும் வைத்தியர் சொல்லும்வரை தவிர்க்க வேண்டும். முதல் வாரத்தில் வலி கூடினாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த கிளினிக் நாள்வரை இருக்கக்கூடாது. கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம், அன்றே போக வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தம். கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் மருந்து விட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டுமென்று கிளினிக்கில் சொல்கிறார்கள். அவசியமா?
வாசகர், இறாகலை

அவசியம், வருடத்துக்கு ஒரு தடவை. விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கிப் பல காலம்வரை பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரியும்போது நடுப்புள்ளி நனைந்திருக்கும். லேசர் இருப்பதைக் காக்கும், போனதை முழுதாக மீட்டுத் தராது. சொட்டு விட்டால் கண்மணி விரிந்து நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று மோட்டார் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸில் போய் வாருங்கள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறாள். பாடசாலையிலேயே நாங்கள் பார்வையைச் சோதிக்க முடியுமா?
ஆசிரியை, ஹட்டன்

முடியும், நீங்கள் செய்தால் மிக நல்லது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், மூன்று பல்லுள்ள சீப்பு போன்ற ஆங்கில எழுத்து 'E' ஒன்றை வரையுங்கள். உயரம் 17.5 மில்லிமீற்றர், அகலமும் அதே. ஒவ்வொரு பல்லும் 3.5 மில்லிமீற்றர் தடிப்பு, இடைவெளிகளும் 3.5. அளவுகோலால் கோடு போட்டே வரையுங்கள், கையளவில் வரைந்தால் சோதனை பொய்க்கும். 6 மீற்றர் தூரத்தை நாடாவால் அளந்து சுண்ணக்கட்டியால் கோடிடுங்கள். தாள் பிள்ளையின் கண் மட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மூடுபனி இறங்கிய பின்னேரத்தில் செய்ய வேண்டாம்.

ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள், அழுத்தினால் பிறகு அந்தக் கண் மங்கும். தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு சரியானால் அந்தக் கண்ணில் 6/12 பார்வையாவது (நல்ல கண் 12 மீற்றரில் பார்ப்பதை 6 மீற்றரில் பார்க்கும் அளவு) இருக்கிறது. தவறினால், மட்டையில் ஊசியால் 1 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளையிட்டு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். துளையால் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும். தெளியாவிட்டால் கண்ணுக்குள் வேறு காரணம் இருக்கலாம், சீக்கிரம் அனுப்புங்கள்.

ஒவ்வொரு கண்ணாகச் சோதிப்பதுதான் இதில் உயிர். ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளை மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும், வீட்டில் யாருக்கும் தெரியாது. பயன்படாத கண்ணால் பார்க்க மூளை பழகாமலே போய்விடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால் நன்றாக மீட்கலாம், பிறகு கடினம். மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடும் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். கண்மணியில் வெள்ளை ஒளி தெரியும் கைக்குழந்தை இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது, புற்றுநோயாகவும் இருக்கலாம்.

40 தாண்டியதும் பேப்பர் படிக்க முடியவில்லை. நடைபாதைக் கடையில் கண்ணாடி வாங்கலாமா?
வாசகர், பண்டாரவளை

வாங்கினால் கண் கெடாது. 40 வயதளவில் கூட்டல் 1, 50இல் கூட்டல் 2, 60இல் கூட்டல் 2.5 சுமாராகப் பொருந்தும். இரண்டு கண்ணுக்கும் ஒரே சக்தியில்தான் அவை வரும் என்பதே குறை. ஆனால் கடைக்காரர் கண்ணின் அழுத்தத்தை அளக்க மாட்டார். முதற்கண்ணாடிக்காகவாவது ஒரு தடவை கண் வைத்தியரிடம் போங்கள்.

அம்மாவுக்கு 60 வயது. ஒருநாள் இரவு கடுமையான தலைவலி, வாந்தி. இடது கண் சிவந்து, பல்பைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றார். பித்தம் என்று மாத்திரை கொடுத்தோம். காலையில் குறைந்துவிட்டது. இதற்கும் கண்ணுக்கும் தொடர்புண்டா?
வாசகி, புசல்லாவை

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது பித்தமாகத் தோன்றவில்லை. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள மூலை வழியாக வடிகிறது. வழக்கமான அழுத்தம் இரசமானியில் 10 முதல் 21 மில்லிமீற்றர்வரை. சிலருக்கு அந்த மூலை பிறவியிலேயே ஒடுக்கமாக இருக்கும். வயது ஏற ஏற வில்லை தடித்து இன்னும் நெருக்கும். மங்கல் வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது மூலை திடீரென அடைபட்டு, அழுத்தம் 50க்கு மேலும் ஏறிவிடும். கருவிழிப் படலம் நீர்கோத்துக்கொள்வதால்தான் விளக்கைச் சுற்றி நிற வளையம் தெரிகிறது. வலி நரம்பு வழியாக வயிற்றைப் பிரட்டுவதால், கண்ணை யாரும் பார்ப்பதில்லை.

தானாகக் குறைந்தது நல்லதுதான், ஆனால் குணமாகவில்லை. அடுத்த தடவை சில மணி நேரம் நீடித்தாலே பார்வை நரம்பு செத்துவிடக்கூடும், அதை எந்த மருந்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்த வாரமே கண் பிரிவுக்குக் கூட்டிப் போய், 'வாந்தியோடு கண் சிவந்தது, வானவில் தெரிந்தது' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மூலையைக் கண்ணாடி வில்லை வைத்துப் பார்ப்பார்கள். ஒடுக்கமென்றால் கதிராளியில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையில்) லேசரால் ஊசித் துளை ஒன்று போடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வரலாம். மற்றக் கண்ணின் மூலையும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்பதால் அதற்கும் துளை போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். அம்மாவின் கூடப்பிறந்தவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குள் மறுபடி வலி வந்தால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே புறப்படுங்கள்.